தேவுராலிக்கு மேலே மூன்று இரவுகள்: அன்னபூர்ணா பாதையில் ஒரு வசந்தகாலப் பனிச்சரிவு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரிலிருந்து ஆறு பேர், ஒரு மார்ச் பள்ளி விடுமுறையில், நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு நடைப்பயணம் போனார்கள். போன ஆறு பேரும் நலமாகத் திரும்பினார்கள். ஆனாலும் இதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் அவர்கள் முன் ஒரே கேள்வி நின்றது: இன்று கீழே இறங்கலாமா? முதல் இரண்டு நாளும் வேண்டாம் என்று முடிவானது, மூன்றாம் நாள் சரி என்றானது. அந்த மூன்று முடிவுகளுக்கும் பின்னால் இருந்த காரணங்கள், பனியே பார்க்காத ஊரிலிருந்து மலைக்குப் போகிற நமக்கு மிகவும் தேவையானவை.

பயணம் போனவர்களுடனும் அவர்களின் நேபாள வழிகாட்டியுடனும் பேசி, புகைப்படங்களில் பதிவான நேரத்தையும் குழுவில் ஒருவர் எழுதிய கைக்குறிப்பையும் ஒப்பிட்டு இந்த ஆய்வை எழுதியிருக்கிறேன். அவர்கள் சம்மதத்துடன்தான் வெளியிடுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில சொந்த விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

குழுவில் ஐம்பதைக் கடந்த ஏற்பாட்டாளர் ஒருவர், எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'. மருத்துவமனையில் தாதியாக இருக்கும் ஒரு பெண், அவர் 'அக்கா'. தொடக்கப்பள்ளி ஆசிரியையும் அவர் கணவரும். தேசிய சேவையை முடித்து ஓரிரு ஆண்டுகள் ஆன இரண்டு இளைஞர்கள். வழிகாட்டி அந்த வட்டாரத்துக் குருங் கிராமத்தைச் சேர்ந்தவர், பல ஆண்டுகளாக அதே பாதையில் ஆட்களை அழைத்துப் போகிறவர். சுமை தூக்க இரண்டு பேர்.

சிங்கப்பூரில் அவர்கள் செய்த பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்ப் புட்டிகள் நிரப்பிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினார்கள். சனிக்கிழமைகளில் புக்கித் தீமா, ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்ரிட்சி. நம் நாட்டின் மிக உயரமான குன்று 164 மீட்டர்தான், அதற்குள் என்ன முடியுமோ அதைச் செய்தார்கள். காலும் மூச்சும் தயாராகிவிட்டன. பனியைப் பற்றி அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு விதி: 'விடியற்காலையில் கிளம்பிவிட்டால் பனிச்சரிவுப் பயம் இல்லை.' அந்த விதி பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றியதுதான் இந்த ஆய்வு.

கால அட்டவணை இறுக்கமானது. சனி காட்மாண்டு, ஞாயிறு பொக்காரா வழியாக ஜினு, திங்கள் பேம்பூ, செவ்வாய் தேவுராலி, புதன் அடிவார முகாம். வியாழன் இறங்கத் தொடங்கி, வெள்ளி பொக்காரா, சனி காட்மாண்டு, ஞாயிறு விமானம். திங்கள் காலை ஆசிரியை வகுப்பில் நிற்க வேண்டும். உபரியாக ஒரு நாள்கூட இல்லை.

பாதைக்கு மேலே இருப்பது

தேவுராலி ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மச்சாபுச்சாரே அடிவார முகாம் 3,700 மீட்டர், அதற்கும் மேலே அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர். தேவுராலிக்கும் மச்சாபுச்சாரே முகாமுக்கும் இடைப்பட்ட பகுதி மோதி கோலா ஆறு அறுத்துச் செல்லும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. வழக்கமான பாதை ஆற்றின் மேற்குக் கரையோரமாகப் போகிறது. நடக்கக் கடினமே இல்லை. செங்குத்து இல்லை, கயிறு இல்லை, பிடித்து ஏற வேண்டிய பாறை இல்லை. பேசிக்கொண்டே நடக்கலாம்.

ஆபத்து காலடியில் இல்லை என்பதுதான் இங்கே சிக்கல். மேற்கே பாறைச் சுவர், அதற்கு மேல் 6,441 மீட்டர் உயரமுள்ள ஹியுன்சுலி. அந்தச் சுவருக்கு மேலே உள்ள சரிவுகளில்தான் பனி சேர்கிறது. பாதையில் நிற்பவர் கண்ணுக்கு அந்தச் சரிவுகள் தெரியாது. பனி அங்கே கழன்றால் ஓடைப் பள்ளங்கள் வழியாகக் கொட்டிப் பாதையைத் தாண்டி ஆறு வரை வரும். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் தொடங்கும், ஆனால் தொடங்கிய பிறகு மட்டமான இடத்திலும் வெகுதூரம் ஓடும். நாம் நிற்கும் இடம் சமதரையாக இருப்பதால் நமக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹியுன்சுலியின் இந்தப் பக்கம் கிழக்கு நோக்கியது. மார்ச் மாதம் காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் உதிக்கும் சூரியன் முதலில் தொடுவது அந்த உச்சிச் சரிவுகளைத்தான். பள்ளத்தாக்குக்குள் வெயில் இறங்க வெகுநேரம் ஆகும், கிழக்கே மச்சாபுச்சாரே மலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பாதையில் நடப்பவர் கையுறையைக் கழற்ற முடியாத குளிரில், 'இன்னும் வெயிலே வரவில்லை' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே பனி சூடாகத் தொடங்கிவிட்டிருக்கும்.

இந்த இடத்தின் வரலாறு கற்பனை இல்லை. 2020 ஜனவரி 17-ஆம் தேதி தேவுராலிக்கு அருகே விழுந்த சரிவில் தென்கொரியாவைச் சேர்ந்த நான்கு பேரும் நேபாளிகள் மூவரும் இறந்தார்கள். கொரியர்கள் ஆசிரியர்கள். பனி உருகிய பிறகுதான் பல உடல்கள் கிடைத்தன. நம் குழு கிளம்பும் முன்பே அந்த ஆசிரியை இந்தச் செய்தியைப் படித்திருந்தார். அது குளிர்காலத்தில் நடந்தது, நாம் போவது வசந்தத்தில் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டதாகச் சொன்னார். வசந்தத்தில் ஆபத்து குறைவதில்லை, அதன் வகை மாறுகிறது.

புதன்: ஏற்றம்

காலை 5 மணிக்குத் தேவுராலியிலிருந்து கிளம்பினார்கள். வானம் தெளிவு, தரை கெட்டியாக உறைந்திருந்தது. நடை சுலபமாக இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் பழைய பனிச்சரிவு ஒன்றின் எச்சம் பாதையை மறித்துக் கிடந்தது. அழுக்குப் படிந்த பனி, கூம்பாகக் குவிந்து, ஆற்றுப் பக்கம் விசிறிபோல் விரிந்திருந்தது. அதற்குள் ஒடிந்த மரக்கிளைகளும் தலைகுப்புற நட்டதுபோல் ஒரு மூங்கில் கொத்தும். பூட்ஸால் உதைத்தால் சிமெண்ட்டைப் போலச் சத்தம் வந்ததாக இளைஞர்களில் ஒருவர் சொன்னார். சரிவாக ஓடி நின்ற பனி அப்படித்தான் இறுகிவிடும். அதற்குள் சிக்கியவரால் விரலைக்கூட அசைக்க முடியாது.

இளைஞர்கள் இருவரும் அந்தக் குவியலின் மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை நான் பார்த்தேன், மொத்தம் நான்கு நிமிட இடைவெளி. வழிகாட்டி கீழே நின்று நடக்கச் சொல்லிக் கத்தினார். அவருக்குக் கோபம் வந்து அவர்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சரிவின் எச்சம் கிடக்கிறது என்றால் பனி வழக்கமாக வந்து விழும் தடம் அதுதான். அந்தத் தடத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காரணமில்லாமல் ஏற்கும் ஆபத்து. அன்று நேரமும் பனியும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தன, அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு மச்சாபுச்சாரே முகாம், பதினொன்றுக்கு அன்னபூர்ணா முகாம். 8,091 மீட்டர் சிகரம் முழுதாகத் தெரிந்தது. ஒரு மணிக்குள் மேகம் மூடிவிட்டது.

புதன் இரவு

முதலில் வெள்ளை மணிகளாக ஆலங்கட்டி, பிறகு பனி. மாலை ஏழு மணிக்கு இடி. இரவு மூன்று மணி வரை நிற்காமல் கொட்டியது. காலையில் நடைக்கம்பைச் செருகி அளந்தபோது லாட்ஜ் முற்றத்தில் 45 சென்டிமீட்டர் புதுப்பனி.

இதற்கிடையில் இளைஞர்களில் வலுவானவர் என்று எல்லாரும் நினைத்தவருக்கு மாலையிலிருந்து தலைவலி, இரவு ஒருமுறை வாந்தி. பேம்பூவிலிருந்து இரண்டே நாளில் 1,800 மீட்டர் உயர்ந்திருந்தார்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் பொது அறிவுரை. உடல் வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தம் இல்லை. அக்கா அவரை எழுப்பி, குதிகாலும் கால்விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடவில்லை, பேச்சும் தெளிவாக இருந்தது. மூளை வீக்கத்தின் அறிகுறி இல்லை என்று குறித்துக்கொண்டார். ஆனால் மேலே தங்கக்கூடாது, காலையில் உயரம் குறைய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

வியாழன் காலை: முதல் முடிவு

விடிந்ததும் கண் கூசும் வெயில், ஒரு மேகம் இல்லை. ஏழரை மணிக்குள் வேறு இரண்டு குழுக்கள் கீழே கிளம்பின. நோயாளி இருக்கிறார், வானம் தெளிந்துவிட்டது, அட்டவணைப்படியும் இன்று இறங்கும் நாள். எல்லாமே இறங்கு என்று சொன்னதுபோல் இருந்தது.

வழிகாட்டி சம்மதிக்கவில்லை. பெரும்பனி கொட்டி முடிந்த அடுத்த ஒன்றிரண்டு நாட்கள்தான் மிக மோசம் என்றார். புதுப்பனி, கீழே உள்ள பழைய அடுக்கின் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். அதற்குள் சூரியன் அடித்தால், மேற்புறம் கனத்து, ஒரு பெரிய பரப்பே பலகையாகக் கழன்று வரலாம். கிழக்கு நோக்கிய சரிவுகளில் அன்று வெயில் ஏற்கனவே ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுந்துவிட்டது. இப்போது கிளம்பினால் ஆபத்துப் பகுதிக்குள் நுழையும்போது பத்து மணி ஆகிவிடும்.

அக்காவுக்கோ உயரம் குறைந்தாக வேண்டும். இரண்டு தேவைகளும் மோதியபோது கிடைத்த வழி எனக்குப் பிடித்தது. அன்னபூர்ணா முகாமுக்கும் மச்சாபுச்சாரே முகாமுக்கும் இடைப்பட்ட பகுதி அகன்று மென்மையாகச் சரிவது, சுவர்களை விட்டு விலகி நடக்கலாம். 400 மீட்டருக்கு மேல் உயரமும் குறையும். ஆபத்தான பள்ளத்தாக்கு அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. ஆகவே அதுவரை மட்டும் இறங்கி அங்கேயே தங்குவது என்று முடிவானது. கிளம்பும் முன் முழங்கால் ஆழப் பனியில் சுமைதூக்கிகள் இருவரும் தடம் மிதித்துக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் இளைஞரின் தலைவலி பாதியாகக் குறைந்தது, மாலையில் கஞ்சி குடித்தார்.

11.20-க்குக் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து நீண்ட உறுமல் கேட்டது. விமானம் போகிறது என்று ஆசிரியை நினைத்தார். சமையலறை ஆட்கள் எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடி வந்து ஒரே திசையைப் பார்த்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. ஆற்றுப் பக்கம் வெள்ளைத் தூசி எழும்பி அடங்கியது. 12.40-க்கு இன்னொன்று. சாயங்காலம் கீழேயிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது: இரண்டு இடங்களில் பாதை மூடியிருக்கிறது, யாருக்கும் அடி இல்லை, காலையில் போன இரண்டு குழுக்களும் அதற்கு முன்பே தேவுராலியைத் தொட்டுவிட்டன.

அந்த இரண்டு குழுக்களையும் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் பிழைத்தார்கள், அதற்காக அவர்கள் முடிவு சரியென்று ஆகிவிடாது. அவர்களுக்கும் முதல் சரிவுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட இருந்திருக்காது. அவர்கள் ஊர் திரும்பி, புதுப்பனியில் இறங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்று நான்கு பேரிடம் சொல்லியிருப்பார்கள். இந்தப் பாதையைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகின்றன என்று நினைக்கிறேன்.

வெள்ளி அதிகாலை: இரண்டாவது முடிவு

திட்டம் தெளிவாக இருந்தது. அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, வெயில் மேலே படும் முன் பள்ளத்தாக்கைத் தாண்டிவிடுவது. பைகளை இரவே கட்டி வைத்தார்கள். அப்படிப் போனால் ஒரே நாளில் வெகுதூரம் இறங்கி, சனி பொக்காரா, எப்படியோ ஞாயிறு விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தார்.

மூன்றரைக்கு வழிகாட்டி கதவைத் தட்டி, அண்ணனையும் அக்காவையும் வெளியே வரச் சொன்னார். நட்சத்திரம் ஒன்றும் தெரியவில்லை. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லாட்ஜ் பின்புறம் பாத்திரம் கழுவத் தண்ணீர் பிடித்து வைக்கும் நீலநிற டிரம் இருந்தது. வழிகாட்டி தலைவிளக்கை அதற்குள் காட்டி, விரலால் தண்ணீரைத் தொட்டுக் காட்டினார். அலை எழும்பியது. மெல்லிய பனிக்கட்டி ஏடுகூட இல்லை. பிறகு மிதிபடாத பனியில் நடைக்கம்பை நிறுத்தி இரண்டு விரலால் அழுத்தினார். கைப்பிடி வரை தடையில்லாமல் இறங்கியது. அவரே காலை வைத்தபோது முழங்கால் வரை போனது.

இரவு பனி உறையவில்லை. இந்த நிகழ்வின் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வசந்தத்தில் பகல் வெயில் பனியின் மேற்புறத்தை உருக்குகிறது. உருகிய நீர் உள்ளே இறங்கி, துகள்களைப் பிணைத்திருக்கும் பிடிப்பைக் கரைக்கிறது. இரவில் அந்த நீர் மறுபடி உறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சரிவு முழுக்கக் கெட்டியாகிறது. அதிகாலை பாதுகாப்பு என்று சொல்வது இந்த மறு உறைவை நம்பித்தான். கடிகாரத்துக்கு அதில் பங்கே இல்லை. தெளிவான வானத்துக்குக் கீழே பனி தன் வெப்பத்தை வான்வெளிக்கு விட்டுவிடுகிறது, காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தால்கூட மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் அது போர்வையைப் போல அந்த வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. பனி ஈரமாகவே, பிடிப்பில்லாமலே விடிகிறது. புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ என்றால், ஈரம் ஊறிய பனி 300 முதல் 500 கிலோ வரை போகும். அவ்வளவு எடை, பிடிப்பில்லாமல், செங்குத்தான சரிவில். அது கழன்று விழ வெயில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எந்த நேரத்திலும் விழலாம்.

அந்த முற்றத்தில் நடந்த வாக்குவாதம் நாற்பது நிமிடம் நீடித்தது. ஆசிரியையின் கணவர் கேட்டது நியாயமான கேள்வி: "அண்ணே, இருட்டுல போயிட்டா வெயில் பிரச்சினையே இல்லையே? இதுக்குத்தானே சீக்கிரம் எழுந்தோம்?" அண்ணனும் அந்தப் பக்கமே சாய்ந்தார். நேற்று இரண்டு சரிவு விழுந்துவிட்டதே, விழ வேண்டியது விழுந்து முடிந்திருக்கும் என்பது அவர் வாதம். வழிகாட்டி அதற்கு, விழுந்தது இரண்டு ஓடைகளில், பள்ளத்தாக்கில் ஓடைகள் அதைவிடப் பல என்றார். நேற்றைய வெயிலில் நனைந்து, விழாமல் நிற்கும் பனிக்குத்தான் தான் பயப்படுவதாகச் சொன்னார்.

அப்புறம் ஹெலிகாப்டர் பேச்சு வந்தது. இளைஞர்களில் ஒருவர், உடல்நிலை சரியில்லை என்று சொன்னால் காப்புறுதி செலவை ஏற்குமே என்றார். அக்கா உடனே மறுத்தார். "தம்பி, அவன் இப்ப நல்லா இருக்கான். பொய் எழுத நான் கையெழுத்துப் போட மாட்டேன்." நேபாளத்தில் போலி ஹெலிகாப்டர் மீட்பு மோசடி 2018-இல் அரசாங்க விசாரணை வரை போனது. ஒவ்வொரு பொய்யழைப்பும் உண்மையிலேயே மூச்சுத் திணறுபவரின் அழைப்பைச் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது. அக்கா சொன்னதில் நான் முழுக்க உடன்படுகிறேன். தவிரவும் அன்று மேகம் தரை வரை இறங்கிக் கிடந்தது, ஹெலிகாப்டர் வந்தே இருக்காது.

முடிவைத் தீர்மானித்தது அக்கா கேட்ட வேறொரு கேள்வி. நம்மில் ஒருவர் புதைந்தால் எவ்வளவு நேரத்தில் வெளியே எடுப்போம்? அவர்களிடம் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி இல்லை, பனிக்குள் குத்தித் தேடும் நீளக்கம்பி இல்லை, லாட்ஜிலிருந்து இரவல் வாங்கிய ஒரு மண்வெட்டி மட்டும். முழுதாகப் புதைந்தவர்களில் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று சரிகிறது, மூச்சுத் திணறல்தான் முக்கியக் காரணம். அவர்களால் பதினைந்து நிமிடத்தில் ஆள் இருக்கும் இடத்தைக்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது. அண்ணன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கட்டிய பையை அவிழ்த்தார். விமானம் போனால் போகட்டும் என்றார்.

அன்று பிற்பகல் தூறல் விழுந்தது. பனியின் மேல் விழும் மழையை வழிகாட்டி முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சரிவுச் சத்தம் மட்டும் கேட்டது, பிற்பகல் மூன்று மணி வாக்கில். காலை நான்கு மணிக்குக் கிளம்பியிருந்தால் அவர்கள் அதற்கு எவ்வளவோ முன்பே பள்ளத்தாக்கைத் தாண்டியிருப்பார்கள். ஆசிரியையின் கணவர் இதை என்னிடம் நேர்மையாகச் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்த முற்றத்தில் நின்றவர்களுக்கு எது எப்போது விழும் என்று தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், பனி உறையவில்லை. கையில் இருந்த அந்தத் தகவலுக்கு அதுவே சரியான முடிவு என்பது என் கருத்து.

சனி: இறக்கம்

வெள்ளி இரவு எட்டு மணிக்கு மேல் மேகம் கலைந்தது. பத்து மணிக்கு டிரம்மில் ஏடு கட்டியிருந்தது. சனி அதிகாலை மூன்று மணிக்கு வழிகாட்டி மண்வெட்டியால் பனியை வெட்டிப் பார்த்தார், மேலிருந்து ஒரு சாண் ஆழத்துக்கு இறுகி உறைந்திருந்தது. ஒற்றைக் காலில் குதித்தும் உடையவில்லை. விரல் தடிமனுக்கு மட்டும் மேல்தோடு உறைந்து உள்ளே கஞ்சியாக இருந்தால் அது போதாது, வெயில் பட்ட சிறிது நேரத்தில் கரைந்துவிடும் என்றார். கம்பால் அளந்தபோது 45 சென்டிமீட்டர் புதுப்பனி 30-க்குக் கீழே அமுங்கியிருந்தது, அதுவும் நல்ல அறிகுறி.

நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். எல்லார் பூட்ஸிலும் இரும்புப் பல் சங்கிலி. ஹியுன்சுலிப் பக்கத்தை முடிந்தவரை தவிர்க்க, ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையோரம் போகும் மாற்றுத் தடத்தைத் தேர்ந்தார் வழிகாட்டி. பாலப் பலகைகள் இருக்கின்றனவா என்று முந்தைய இரவே தேவுராலி லாட்ஜ்காரரிடம் கேட்டு வைத்திருந்தார். ஆற்றை மூடிக் கிடக்கும் பனியின் மேல் கால் வைக்கக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. வசந்தத்தில் அடியில் ஓடும் நீர் அதைக் குடைந்து வெறும் கூரையாக்கியிருக்கும். கிழக்குக் கரையும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் அந்தப் பக்கச் சரிவு மேற்கு நோக்கியது, வெயில் அங்கே தாமதமாகத்தான் வரும்.

ஓடைத் தடங்களை ஒவ்வொருவராகக் கடந்தார்கள். ஒருவர் அந்தப் பக்கம் போய்த் தலைவிளக்கை மேலும் கீழும் அசைத்த பிறகே அடுத்தவர். மற்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் ஒருவர் மட்டும் சிக்குவார், கடைசியாக எங்கே இருந்தார் என்று மற்றவர்களுக்குத் தெரியும். யாரும் படம் எடுக்கவில்லை. ஆகவே இந்த இரண்டு மணி நேரத்துக்கு என்னிடம் அக்காவின் குறிப்பில் உள்ள இரண்டே வரிகள்தான் உள்ளன: '4.55 முதல் ஓடை. 6.05 தேவுராலி, எல்லாரும்.'

ஹிமாலயா என்ற அடுத்த தங்குமிடத்தில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பத்தரை மணிக்கு, மேலேயிருந்து மறுபடி அந்த உறுமல்.

பின்விளைவு

ஞாயிறு மாலை பொக்காரா, செவ்வாய் சிங்கப்பூர். விமானச் சீட்டுகளைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, காப்புறுதி ஒரு பகுதியை மட்டும் கொடுத்தது. ஆசிரியை இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார், பள்ளி முதல்வர் புரிந்துகொண்டார். இளைஞருக்கு எந்தப் பின்விளைவும் இல்லை. அண்ணனும் ஆசிரியையின் கணவரும் அந்த நாற்பது நிமிட வாக்குவாதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை, அது எனக்கு நிம்மதி.

மாற்ற வேண்டியவை

குழுவினரிடம் கேட்டபோது முதலில் எல்லாரும் சொன்னது உபரி நாள். குறைந்தது இரண்டு நாள். விமானத் தேதி தலைக்கு மேல் தொங்கும்போது எந்தப் பனியும் உறைந்ததாகத்தான் தோன்றும். அந்த இரண்டு நாள் இருந்திருந்தால் தேவுராலியில் கூடுதலாக ஓர் இரவு தங்கி உயர நோயையும் தவிர்த்திருக்கலாம். வெள்ளிக்கிழமை வாக்குவாதத்தில் பாதி நடந்தே இருக்காது.

இரண்டாவது, யார் சொல்வது இறுதி என்பதைச் சாங்கியில் விமானம் ஏறும் முன்பே பேசி எழுதிக்கொள்வது. வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் போகலாம் என்று சொல்லிக் குழுவில் ஒருவர் தயங்கினாலும் நிற்க வேண்டும். இந்த வழிகாட்டி ஆறு பேரின் அழுத்தத்துக்கும் அசையவில்லை. எல்லா வழிகாட்டியாலும் அது முடியாது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் அடுத்த வேலை போய்விடுமோ என்ற கவலை அவர்களுக்கும் உண்டு. அந்தச் சுமையை அவர்கள் தோளிலிருந்து எடுப்பது நம் கடமை.

அதிகாலை விதியைத் திருத்த வேண்டும். எழுந்ததும் மணியைப் பார்ப்பதோடு வானத்தையும் தண்ணீரையும் பனியையும் பார்ப்பது. இரவு நட்சத்திரம் தெரிந்ததா, வெளியே வைத்த தண்ணீர் உறைந்ததா, மிதிபடாத பனி ஆளைத் தாங்குகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அதிகாலைக்கு அர்த்தம். லாட்ஜ் முற்றம் உறைந்திருந்தாலும் மேலே உள்ள சரிவு அப்படியே இருக்கும் என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது. ஆனால் முற்றமே உறையவில்லை என்றால் கிளம்ப யோசிக்கவே வேண்டாம். பகலில் பாறைச் சுவர்களிலிருந்து பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவதைப் பார்த்தால், அந்த நாளுக்குரிய நேரம் முடிந்துவிட்டது.

பருவத்தை மாற்றினால் போதுமா என்று அண்ணன் கேட்டார். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் போகலாம் என்பது அவர் எண்ணம். அந்தக் காலத்தில் பொதுவாக வானம் நிலையாக இருக்கும், பனி குறைவு. ஆனால் 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயலின் எச்சம் இதே அன்னபூர்ணா வட்டாரத்திலும் அதைச் சுற்றியும் கொட்டிய பனியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பருவம் உதவும், உபரி நாளுக்கு ஈடாகாது.

மார்ச் பள்ளி விடுமுறையின் ஒன்பது நாள் மட்டுமே உள்ளவர்கள் தேவுராலிக்கு மேலே போகும் திட்டத்தையே போடாமல் இருப்பது நல்லது. அதே வட்டாரத்தில் 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் இருக்கிறது, அங்கிருந்தும் அன்னபூர்ணாவும் தௌலாகிரியும் தெரியும். இளைஞர்கள் இருவரும் வரும் மார்ச்சில் தங்கள் பெற்றோரை அங்கேதான் அழைத்துப் போகிறார்கள், அதே வழிகாட்டியுடன். அட்டவணையில் இரண்டு நாள் காலியாக விட்டிருக்கிறார்கள்.